கிழியாத காகிதம்

பிப்ரவரி 5, திங்கள்

பட்டாணி, இது பனியன் கம்பெனியில் கொடுத்த டைரி. உனக்கென்று எடுத்து வைத்திருந்தேன். இனி நீ எழுதப் போவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

காரியம் முடிந்த பிறகு இன்றைக்குத்தான் வேலைக்குப் போனேன். செக்கிங் டேபிளில் என் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். தனபாக்கியம் பழக்கத்தில், "வாங்க வில்லம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். வில்லும் கையுமாக உன் படம் பேப்பரில் வந்த நாளிலிருந்து அந்த ஹாலில் யாரும் என்னை ருக்மணி என்று கூப்பிட்டதில்லை.

சாயந்திரம் லோகநாதன் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். உன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். காபி குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அக்கா, பதினெட்டாந்தேதி ஸ்டேட் மேட்ச் வருதுங்க. நம்ம மோனிஷா போறா. அந்தப் புள்ளைகிட்டச் சொந்த வில்லு இல்லீங்க, உங்களுக்கே தெரியும்."

அவர் கேட்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன். "சுகா வில்லு சும்மாதான மாஸ்டர் கெடக்குது. எடுத்துக்கச் சொல்லுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன்.

லாரிக்காரன் உன் வண்டியை இடித்தபோது வில் வீட்டில் பெட்டிக்குள் இருந்தது. உன்னில் மிச்சம் அது ஒன்றுதான். நீ நிற்க வேண்டிய கோட்டில் உன் சிநேகிதி நிற்கட்டும், உன் வில்லோடு நிற்கட்டும். சுகப்ரியாவின் வில் என்று நாலு பேர் சொல்லட்டும். எனக்கு அது போதும்.

பிப்ரவரி 7, புதன்

பெட்டியை ஈரத்துணியால் துடைத்தேன். திறக்கவில்லை. திறந்தால் உன் வாசனை வரும்.

மாஸ்டருக்குப் போன் போட்டேன். மோனிஷா கைக்கு வில்லை என்றைக்கு மாற்றுகிறீர்கள், நானும் வருகிறேன் என்றேன்.

"நீங்க எதுக்குங்க அக்கா வேலைய விட்டுட்டு அலையோணும்? நாங்களே பாத்துக்கறமுங்க."

"காயிதம் ஒட்டறது எப்பவும் என்ற வேலைதான் மாஸ்டர். வேற யாரும் ஒட்டக் கூடாது."

அப்புறம், "சரிங்க, சனிக்கிழமை வாங்க" என்றார்.

ஒருத்தர் வில்லை இன்னொருத்தருக்கு மாற்றுவது, ஒருத்தர் சட்டையைப் பிரித்து இன்னொருத்தருக்குத் தைப்பது போலத்தான். மேலேயும் கீழேயும் இருக்கிற சக்கரத்தைக் கை நீளத்துக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும். நாணில் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு வளையம் சொருகியிருக்கும், பீப் என்பார்கள். அது இழுக்கிறவள் கண்ணுக்கு நேராக வர வேண்டும். அம்பு உட்கார்கிற இடத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். எல்லாம் செய்துவிட்டுக் காகிதத்தில் எய்து பார்க்க வேண்டும். அம்பு நேராகப் போனால் காகிதத்தில் ஒரு துளைதான் விழும். வால் ஒரு பக்கம் ஆடிக்கொண்டு போனால் அந்தப் பக்கம் கிழியும்.

உனக்கு இந்த வில் வந்தபோது ஒரு மாதம் கிழிந்தது. மொட்டை மாடியில் இரண்டு நாற்காலிக்கு நடுவில் சட்டத்தை நிறுத்தி நான் பேப்பர் ஒட்டுவேன். நீ கொட்டாவி விட்டுக்கொண்டே எய்வாய். இடது பக்கம் கிழியும். மாஸ்டர் கொடுத்த சாவியால் திருகுவோம். இப்போது மேலே கிழியும். துளை விழுகிற வரைக்கும் உனக்கு டிபன் கிடையாது என்று சொல்லிவிடுவேன். நாலரைக்கு எழுந்திருக்காவிட்டால் முகத்தில் தண்ணீர் தெளிப்பேன். நீயும் சிரித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாய். அப்படி நின்றதால்தானே மெடல் வந்தது?

பிப்ரவரி 8, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. கீரை வாங்கினேன். உனக்குப் பிடிக்காது என்று இத்தனை வருஷம் வாங்காமல் இருந்த கீரை.

பிப்ரவரி 10, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை துடிக்கிறது.

கிரவுண்டுக்கு நானே பெட்டியைச் சுமந்துகொண்டு போனேன். மோனிஷா ஓடி வந்து காலில் விழுந்தாள். இளைத்திருந்தாள். மாஸ்டர் பெட்டியை வாங்கிக்கொண்டு மேஜைக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று எதையோ திருகினார். அதிக நேரம் ஆகவில்லை. "அவ்வளவுதானுங்க" என்றார்.

நான் சட்டத்தில் பேப்பரை ஒட்டினேன். நாலு மூலையும் இழுத்து, சுருக்கமில்லாமல். மோனிஷா உன் வில்லைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"மொதல்ல கிழியத்தான் செய்யும் கண்ணு. பயந்துக்காத. சுகாவுக்கு ஒரு மாசம் ஆச்சு" என்றேன்.

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் வேலியைப் பார்த்தார். அவள் இழுத்து விட்டாள்.

ஒரு துளை, பட்டாணி. பேனா முனையால் குத்தினது போல ஒரே துளை. சுற்றிலும் மூன்று இறகின் கீறல் மட்டும். நான் நம்பாமல் வேறு பேப்பர் ஒட்டினேன். மறுபடியும் அதே துளை.

நான் கத்திவிட்டேன். "இது என்ற புள்ள மாஸ்டர்! அவதான் கூட நின்னு கையப் புடிச்சிருக்கா!" மோனிஷாவைக் கட்டிக்கொண்டேன். அவள் தேம்பித் தேம்பி அழுதாள், மூச்சே விட முடியவில்லை அந்தப் பிள்ளைக்கு. மாஸ்டர் தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வரவேயில்லை.

மேட்ச் வரைக்கும் வில் ராத்திரிக்கு நம் வீட்டில்தான் இருக்க வேண்டும், காலையில் வந்து எடுத்துக்கொண்டு போ என்று மோனிஷாவிடம் சொல்லிவிட்டேன். அந்தக் காகிதத்தைக் கொண்டு வந்து உன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். உன் அப்பா வந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். தான் ஓட்டுகிற கம்பெனி வேனைக் கழுவப் போய்விட்டார். வேன் காலையில்தான் கழுவினது.

பிப்ரவரி 12, திங்கள்

இன்னொரு காகிதத்தைத் தனபாக்கியத்திடம் காட்டினேன். உன் மகிமையை எல்லாம் சொன்னேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் பீஸை மடித்துக்கொண்டே கேட்டாள், "அந்தப் புள்ளையும் உங்க சுகா ஒசரந்தானுங்களாக்கா?"

"இல்ல. மோனிஷா ஒரு தல ஒசரம். என்ற புள்ள என்னைய மாதிரி குள்ளக் கத்திரிக்கா."

"ஆமா, அப்பறம் எப்படீங்க அந்த வில்லு இவளுக்கு அளவாப் பத்துச்சு?"

அவள் சும்மா கேட்டதுதான். சாமி கும்பிடுகிற மாதிரி ஆச்சரியமாகத்தான் கேட்டாள். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு டேபிளில் ஒன்றும் தெரியவில்லை. சூப்பர்வைசர் நான் பாஸ் பண்ணின பீஸைத் தூக்கி எல்லாருக்கும் முன்னால் அதன் ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டினான். "என்னம்மா, யானையே போகும் போல, இதுகூடத் தெரியலயா?"

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். பீப் நகராமல் இருக்க நான் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். கம்பெனி நூல், நானே கட்டினது. அது இல்லை. பச்சை நூல் இருக்கிறது. நான் கட்டின இடத்துக்கு மேலே ஏற்றிக் கட்டியிருக்கிறது.

சனிக்கிழமை கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பச்சை நூல் வெளுத்திருக்கிறது. வியர்வை பட்டு, அழுக்கேறி, ஓரத்தில் பஞ்சு கிளம்பியிருக்கிறது. மூன்று நாளில் நூல் அப்படி ஆகாது.

பிப்ரவரி 13, செவ்வாய்

காலையில் மோனிஷா வந்தாள். தலை வலிக்கிறது, நாளைக்கு வா என்று கதவைச் சாத்தினேன். மூச்சு விடும் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 14, புதன்

மோனிஷா சாயந்திரமாக வந்தாள். உட்காரச் சொல்லவில்லை. வில்லை எடுத்து முன்னால் வைத்தேன்.

"இந்தப் பச்ச நூலு யாரு கட்டுனது?"

"நாந்தானுங்கம்மா."

"எப்போ?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆடி மாசமுங்க."

நீ போனது தையில்.

அவளே தரையில் உட்கார்ந்துகொண்டாள். நான் கேட்கக் கேட்கத்தான் சொன்னாள், அதட்டி வாங்க வேண்டியிருந்தது.

"சுகா காலைல நேரா எங்க வீட்டுக்குத்தானுங்க வருவா. வில்ல என்கிட்டக் குடுத்துட்டு என்ற கட்டில்ல படுத்துக்குவா. நான் கிரவுண்டுக்குப் போயிட்டு வந்து எழுப்புவேன். டீ குடிச்சுட்டு ரெண்டு பேரும் காலேஜுக்குப் போயிருவோம்."

"படுத்து?"

"தூங்குவாளுங்கம்மா." அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியொரு தூக்கம். எங்கம்மா குக்கர் விசில் அடிக்கும், டிவி ஓடும், எங்க தம்பி கத்துவான், ஒண்ணுக்கும் அசைய மாட்டா. தலகாணியக் கட்டிப் புடிச்சுட்டு..." என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"மேட்சுக்கு அவ செலக்ட் ஆனாளே. ஸ்வீட் பாக்ஸ் கொண்டாந்தாளே."

"நானுங்கம்மா செலக்ட் ஆனது. அந்த ஸ்வீட்டு எனக்காக அவ வாங்குனது. 'செலக்‌ஷன் முடிஞ்சுதும்மா'ன்னு மட்டுந்தான் சொன்னாளாம். நீங்க கட்டிப் புடிச்சு அழுதுட்டீங்களாம். அப்பறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னா."

ஹால் முழுக்க அந்த ஸ்வீட்டைக் கொடுத்தேனே, பட்டாணி. சூப்பர்வைசருக்குக்கூட இரண்டு கொடுத்தேனே.

"ஏன் விட்டா? என்ன கொற வெச்சேன் அவளுக்கு?"

"புடிக்கலன்னு சொன்னாளுங்க. தோள்பட்ட வேற வலிச்சிட்டே இருந்துச்சு. உங்ககிட்டச் சொன்னாளாமுங்க."

"எல்லாருக்குந்தான் வலிக்குது. எனக்கு வலிக்கலயா, நின்னுட்டே வேல செய்யறனே?"

மோனிஷா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதையேதான் சொன்னீங்கன்னு சொன்னா."

நெஞ்சழுத்தம் அவளுக்கு.

"மாஸ்டருக்குத் தெரியுமா?"

"உம்."

"வேற யாருக்கு?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். உன் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றின செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பிப்ரவரி 15, வியாழன்

வேன் எடுக்கிறதுக்கு முன்னால் மடக்கிப் பிடித்தேன். "ஏனுங், உங்களுக்கும் தெரியுமா?"

சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். "ஒரு நா ஆளு ஏத்தறதுக்கு அந்தத் தெரு வழியாப் போனேன். மோனிஷா வீட்டு வாசல்ல இவ வண்டி நின்னுது. என்னமோ ஏதோன்னு போய்ப் பாத்தேன். தூங்கிட்டு இருந்தா புள்ள. வாயத் தொறந்துட்டு, தொட்டில்ல கெடப்பாளே, அதே மாதிரி. எழுப்ப மனசு வரல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ எழுப்பியிருப்ப."

அவ்வளவுதான். வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெற்றவள் எழுப்பாமல் வேறு யார் எழுப்புவார்கள்? இதில் என்ன தப்பு? கேட்க ஆள் இல்லை.

சுவரில் இருந்த காகிதத்தைப் பிய்த்து எடுத்தேன். சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

மத்தியானம் மாஸ்டர் போன் பண்ணினார். வில்லைத் தர முடியாது என்றேன்.

"அக்கா, கோவம் என்மேல இருக்கட்டுங்க. அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?"

"நானு என்ன பாவம் பண்ணுனேன் மாஸ்டர்? என்ற கையிலயே காயிதத்த ஒட்ட வெச்சு வேடிக்க பாத்தீங்களே. எம்புள்ள ஆவியா வந்து நிக்கறான்னு நான் கூத்தாடினப்ப, ஒருத்தராவது வாயத் தொறந்தீங்களா?"

"நீங்க அன்னைக்குத்தானுங்க அக்கா மொதத்தடவ சிரிச்சீங்க" என்றார். "எப்படிங்க சொல்றது?"

போனை வைத்துவிட்டேன். சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. உன் அப்பா முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

லீவு போட்டேன். வீட்டில் யாரும் இல்லை.

அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது என்று மாஸ்டர் முதல் நாளே உனக்குச் சொன்னார். அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய விசை முழுவதும் வில்லிலேயே இறங்கிவிடுமாம். சக்கரம் தெறிக்கும், வில்லின் கைகள் பிளக்கும், அதோடு அந்த வில் முடிந்தது. நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

வில்லை எடுத்தேன். அம்பை எடுக்கவில்லை.

முதல் தடவை நெஞ்சு வரைக்கும்தான் வந்தது. பண்டல் தூக்குகிற கைதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். சக்கரம் சுற்றினதும் பாரம் சட்டென்று கழன்று போனது. நீ சொல்வாயே, மலை ஏறினதும் சமதரை வருகிற மாதிரி இருக்கும் என்று, அப்படித்தான் இருந்தது. கண்ணுக்கு நேராக வளையத்தைத் தேடினேன். காணவில்லை. அது என் கண்ணைத் தாண்டி, காதுக்கு மேலே எங்கேயோ நின்றது. நீயும் நானும் ஒரே அளவு. ஒரே ஜாக்கெட்டை மாற்றி மாற்றிப் போட்டவர்கள். உன் வில்லாக இருந்தால் எனக்குப் பத்தியிருக்கும்.

விரலை விட்டால் போதும். தூள் தூளாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை எவளும் இதைப் பிடித்துக்கொண்டு கோட்டில் நிற்க முடியாது. மாஸ்டர் வந்து அள்ளிக்கொண்டு போகட்டும். விடு, விடு என்று விரல் சொன்னது. நான் உன் படத்தைப் பார்த்துக்கொண்டு பிடித்துக்கொண்டு நின்றேன். கை ஆட ஆரம்பித்தது. தோளுக்குப் பின்னால் மிளகாயைத் தேய்த்தது போல எரிந்தது.

விடவில்லை. ஏன் என்று தெரியாது. மெதுவாகத் திருப்பிக் கொண்டு போகப் பார்த்தேன். பாதியில் சக்கரம் வெடுக்கென்று முன்னால் பிடுங்கியது. கட்டிலில் போய் விழுந்தேன். வில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வலது கையைத் தூக்க முடியவில்லை. இந்த டைரியை ஆடு மேய்ந்த மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். வலி தோளில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். தோளில் இல்லை, முதுகுப் பட்டைக்கு அடியில் இருக்கிறது. நீயும் அந்த இடத்தைத்தான் காட்டினாயா? ஞாபகம் இல்லை. நீ சொன்னபோது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

உன் அப்பா வந்து தைலம் தேய்த்துவிட்டார். எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 17, சனி

காலையில் மாஸ்டரிடம் கேட்டேன், வில்லைப் பழையபடி சுகா அளவுக்கே மாற்றிக் கொடுப்பீர்களா என்று.

"மாத்தலாமுங்க. ஒரு மணி நேர வேலதான்" என்றார். அப்புறம் ரொம்பத் தயங்கி, "எய்யறது யாருங்க அக்கா?" என்றார்.

மத்தியானம் பெட்டியை இடது தோளில் மாட்டிக்கொண்டு மோனிஷா வீட்டுக்குப் போனேன். அவள் மேட்சுக்குப் போகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள், நான் அடிக்க வந்தவள் மாதிரி.

"எந்தக் கட்டில்?" என்றேன்.

காட்டினாள். ஜன்னல் ஓரம், இரும்புக் கட்டில். நடுவில் குழி விழுந்த மெத்தை. மேலே பூப்போட்ட போர்வை. உட்கார்ந்து பார்த்தேன். தெருவில் பால்காரன், ஸ்கூல் வேன், எல்லாச் சத்தமும் தலைமாட்டிலேயே கேட்கிறது. நம் வீட்டில் உனக்கு ஃபேன் சத்தம் கூட ஆகாது.

பெட்டியைக் கட்டிலில் வைத்தேன்.

"இது உன்ற வில்லு. எடுத்துட்டுப் போ."

"அம்மா... ஜெயிச்சா மெடல சுகா படத்துக்கு..."

"வேண்டாம். அவ பேரச் சொல்லி எய்யாத. அவதான் வேண்டாம்னு விட்டுட்டாளே. உனக்காக எய்யி."

அவள் காலில் விழ வந்தாள். நகர்ந்துகொண்டேன். அவளை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை, எழுதி வைக்கிறேன். உன்னை எட்டு மணி வரைக்கும் தூங்கவிட்டவள் அவள்தான் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

நாலரைக்கு விழிப்பு வந்துவிட்டது. எழுப்ப ஆள் இல்லை. எழுந்து வாசல் தெளித்தேன், கோலம் போடவில்லை, இடது கையில் வராது.

சாயந்திரம் மாஸ்டர் பேசினார். மோனிஷா இரண்டாவதாக வந்திருக்கிறாள். அம்பெல்லாம் கோடு கிழித்த மாதிரி போனதாம். நல்லது என்றேன். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் உன் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சாப்புட்டயா?" என்றார். இல்லை என்றேன். தட்டு போட்டார். இந்த வீட்டில் அவர் தட்டு போட்டது இதுதான் முதல் தடவை.

நாளைக்கு ஹாலில் எல்லாரும் கேட்பார்கள், வில்லம்மா, என்ன ஆச்சு என்று. வில்லம்மா என்று கூப்பிடாதீர்கள், என் பெயர் ருக்மணி என்று சொல்ல வேண்டும். சொல்வேனா என்று தெரியவில்லை.

பிடிக்கவில்லை என்று மோனிஷாவிடம் சொன்னாய். மாஸ்டரிடம் சொன்னாய். அப்பாவிடம் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது. தினமும் என் முன்னால் மட்டும் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்று சிரித்துக்கொண்டே படி இறங்கினாய். ஆடியிலிருந்து தை வரைக்கும் ஒரு நாள்கூட அந்தச் சிரிப்பு தப்பவில்லை. நானும் கேட்டில் நின்று நீ தெரு முனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் சொல்லியிருந்தால், நான் உன்னை என்ன செய்துவிடுவேன் என்று பயந்தாய்?